வேர்க்காத அக்கா

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் இடது கை மேலே போகும். சன்னலுக்குப் பக்கத்தில் சுவரைத் துளைத்துப் பொருத்தியிருந்த ஏர்கண்டிஷன் பெட்டியின் முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடிப்பார். உதடு மெல்ல அசையும். சரியாக இருக்கிறது என்று தோன்றினால் கையை இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். சரியில்லை என்றால் அன்றைக்கு அதற்குமேல் பேச்சு இருக்காது.

அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு நான் திருக்கோகர்ணத்துக்கு வந்தேன். என் கணவருக்குப் புதுக்கோட்டை கரண்ட் ஆபீஸில் வேலை. அக்காவின் அண்ணன் வீட்டுக் கொல்லையை ஒட்டி இரண்டு அறைகள் கொண்ட ஒரு ஓட்டு வீடு இருந்தது. அதில் குடியிருந்தோம். முதல் நாளே அந்தப் பெட்டியின் இரைச்சல் எங்கள் அடுப்படிக்குக் கேட்டது. ரைஸ் மில் ஏதோ பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தேன்.

"அது மில்லு இல்ல. எங்க நாத்தனா ரூம்பு" என்றார் அக்காவின் அண்ணி. அக்கா அவரை மதினி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். "அவுகளுக்கு வேர்க்காது. பொறந்ததுலேருந்தே அப்பிடித்தான். வெயிலு பட்டா ஒடம்பு கொதிச்சுரும்."

அப்படி ஒரு உடம்பு உண்டென்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அக்காவை நேரில் பார்த்தபோது முப்பத்தைந்து வயதிருக்கும்; என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். தோல் உலர்ந்த காகிதம்போல் இருந்தது. தலைமுடி குறைவு. பற்களும் நாலைந்து முளைக்கவே இல்லை என்பதால் சிரிப்பு வந்தால் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோய்விடுவார். கல்யாணப் பேச்சு ஒரு தடவைகூட நடக்கவில்லையாம். இதை அவரே, பஸ் வரவில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

சின்ன வயதில் கோடைக்காலம் முழுவதையும் கிணற்றடியில் இருந்த சிமெண்ட் தொட்டிக்குள் கழித்திருக்கிறார். தண்ணீரில் உட்கார்ந்தபடியே சாப்பாடு, பாடப்புத்தகம் எல்லாம். ஐந்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் ஓடி விழுந்து இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மலாயாவில் வியாபாரம் செய்த அப்பா, சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கேயோ சொல்லிவைத்து, இந்தப் பெட்டியை மெட்ராஸிலிருந்து லாரியில் கொண்டுவந்து மாட்டினார். அன்றிலிருந்து பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைதான் அக்காவுக்கு ஊர். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் கொல்லையைச் சுற்றி வருவார். சூரியன் மதிலுக்கு மேலே தலை காட்டியதும் உள்ளே போய்விடுவார்.

அந்த வீட்டில் அந்த அறைக்குள் யாரும் அதிகம் போவதில்லை. மதினிக்குச் சில்லென்ற காற்று மூட்டுவலியைக் கிளப்பியது. அண்ணன் வாசலில் நின்று "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான்தான் பகலில் ஒரு மணிநேரம் போய் உட்காருவேன். கணவர் ஆபீஸ் போனபிறகு எனக்கும் அந்த ஊரில் பேச ஆள் கிடையாது.

ஒருநாள் உள்ளே போனபோது அக்கா தரையில் குனிந்து, பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் போகுது, தங்கச்சி."

"நல்லாத்தானே குளிருது?"

"ஒனக்குக் குளிரும். நீ வெயில்லேருந்து வாரே. மத்தியானச் சோறு வர்றதுக்குள்ள இந்த வாளி முக்காவாசி ரொம்பும். ஒரு வாரமா அரை வாளிதான் வருது. அப்புறம் இங்கிட்டு வா, இதப் பாரு."

முன்பக்கத் தட்டியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே இருந்த தகட்டு அடுக்கில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. எல்லா இடமும் ஒன்றுபோல நனைந்திருக்க வேண்டும், ஒரு மூலையில் மட்டும் ஐஸ் கட்டினால் கேஸ் குறைகிறது என்று அர்த்தம் என்றார். திருச்சியிலிருந்து வரும் மெக்கானிக்கிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதாம்.

"அந்தக் கேஸு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆனா அதுகூட கொஞ்சம் எண்ணெயும் சேந்து வரும். எண்ணெயில தூசி ஒட்டும். வெளிய பின்பக்கம் கருப்பா எங்கயாச்சும் பிசுபிசுன்னு இருக்கான்னு பாக்கணும். எனக்கு வெளிச்சம் இருந்தாத்தான் தெரியும். வெளிச்சம் வந்தா வெயிலும் வந்துருது."

ஆக நான் கொல்லையில் ஸ்டூல் போட்டு ஏறினேன். அக்கா உள்ளேயிருந்து சன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் மெயினை அணைத்தோம். பின்பக்கத்து மூடியைக் கழற்றினேன். ஒரு குழாய் வளைவில் இரண்டு செம்புத் துண்டுகளைப் பற்றவைத்த இடத்தில், அவர் சொன்னபடியே கருப்பாக ஒரு பிசுக்கு இருந்தது. என் கணவரின் ஷேவிங் பிரஷ்ஷில் சோப்பு நுரையைக் குழைத்து அதன்மேல் பூசினேன்.

"அவசரப்படாத. கொஞ்ச நேரம் பாரு."

பார்த்தேன். நுரைக்குள் கடுகு அளவுக்கு ஒரு குமிழி வந்தது. மெல்லப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. "அக்கா, வருதுக்கா!" என்று கத்தினேன். அவர் சன்னல் இடுக்கு வழியாகச் சாந்துப் புட்டியை நீட்டினார். நுரையைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

அக்கா மெக்கானிக்குக் கார்டு எழுதினார். மூன்றாம் நாள் கீரனூர் வழியாக வரும் காலை பஸ்ஸில் அவர் வந்தார். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர், நாற்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவை டாலர். பெட்டியைத் திறந்து பொட்டைப் பார்த்ததும் தன் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு இங்க வேலையே மிச்சம் வைக்கலீங்களேம்மா!"

இருந்தாலும் அவர் கொண்டுவந்த சின்ன ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்திச் சோதித்தார். விளக்கோடு இணைந்த ரப்பர் குழாயின் நுனியைப் பொட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் நீலமாக எரிந்த சுடர் பச்சையாக மாறியது. பிறகு கதவு சன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். இந்தக் கேஸ் தீயில் பட்டால் விஷமாகிவிடும், பூட்டிய அறையில் இருக்கக்கூடாது என்றார். மிச்சமிருந்த கேஸை வெளியேற்றி, குழாயைப் பற்றவைத்து, பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் இழுத்து எடுத்தபிறகுதான் புதுக் கேஸ் அடைத்தார். அதுவரைக்கும் அக்கா கிணற்றடித் தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத்துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வேலை செய்துகொண்டே அங்கிருந்து கேட்கும்படி பேசினார்.

"திருச்சியில ஒரு வக்கீல் வீடுங்கம்மா. கேஸ் போகுதுன்னு ஆள் மேல ஆள் விடுறாரு. போயி ஓட்டையக் காட்டுறேன், நம்ப மாட்டேங்குறாரு. 'நான் காலையிலேருந்து மோந்து பாக்குறேன், ஒரு வாசமும் வரலையே'ங்குறாரு. மிஷினு முன்னாடி நாக்காலி போட்டு மூக்க நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு மனுசன், கோர்ட்டுக்குக்கூடப் போகாம."

அக்கா சிரித்தார். துண்டை வாய்க்குக் கொண்டுபோக மறந்துபோய்ச் சிரித்தார். அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி என்னைக் கூப்பிட்டார். "என்ன, மெக்கானிக்கு ரொம்ப நேரம் இருந்தாரு போல?"

"ஆமா மதினி. அக்கா இன்னைக்கு வாய்விட்டுச் சிரிச்சாக."

"அப்பிடியா?" என்று கீரையை ஆய்வதை நிறுத்தினார். "என்ன சொன்னாராம்?"

வக்கீல் கதையை நான் சொல்லியிருந்தால் அது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். சொல்லவில்லை. "ஏதோ பேசிக்கிட்டாக" என்றேன். ஒரு சேதியை நான் முதலில் சொல்கிறேன் என்பதில் எனக்கு அப்போது ஒரு சந்தோஷம் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

தை மாதம் அக்காவின் கை மறுபடியும் பெட்டியின் முன்னால் அதிக நேரம் நின்றது. வாளித் தண்ணீர் குறைந்தது. நானும் ஸ்டூல் போட்டு ஏறினேன். கருப்புப் பிசுக்கு எங்கும் தெரியவில்லை. எல்லா இணைப்பிலும் நுரை பூசினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அக்கா சன்னல் இடுக்கில் "இன்னொரு தடவ பாரு, இன்னொரு தடவ பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இல்லக்கா. எங்கயும் இல்ல."

அண்ணனிடம் சொல்லிவிட்டு மெக்கானிக்குக் கார்டு போட வேண்டும் என்று அக்கா சொன்னபோது மதினி கூடத்திலிருந்தே பதில் சொன்னார். "அப்பா இருந்த காலத்துல கெடாத மிஷினு, இப்ப மட்டும் என்னத்துக்கு அடிக்கடி கெடுது? அதுவும் அந்த ஆளு வந்தாத்தான் சரியாகுமாம். அவுகளே நட்டைத் தளத்திவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணன் தலையாட்டினார். அந்தத் திருச்சி ஆள் இனி வாசல்படி மிதிக்கக்கூடாது என்று அன்றே முடிவாகிவிட்டது. நான் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டை எங்கும் இல்லை என்று பார்த்தவள் நான்தான். ஒருவேளை மதினி சொல்வதில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கும் தோன்றியது.

கடைத்தெருவிலிருந்து வேறொருவரை அழைத்துவந்தார்கள். ரேடியோவும் ஃபேனும் பழுதுபார்ப்பவர். எங்கிருந்தோ ஒரு சிலிண்டரை வாங்கிவந்து அப்படியே மேலுக்குக் கேஸ் அடைத்தார். அக்கா கதவு ஓரத்தில் நின்று சொன்னார்: "ஓட்டை எங்கன்னு பாத்து அடைச்சுட்டு அடிங்க. இல்லாட்டி மறுபடியும் போயிரும்."

"மிஷினுன்னா கேஸ் கொறையத்தாம்மா செய்யும். ஓட ஓடத் தீரும்."

"அது தீர்ற சாமான் இல்லீங்க. உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கிறது. சைக்கிளு டயருல காத்துக் கொறைஞ்சா பஞ்சர் பாக்காம அடிச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

வந்தவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். பங்குனியில் மறுபடி கேஸ் போயிற்று. மறுபடியும் அவர் வந்து அடைத்துவிட்டுப் போனார்.

சித்திரை பிறந்து வெயில் காய்ந்தது. கட்டுமாவடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அண்ணனும் மதினியும் முதல் நாளே போய்விட்டார்கள். காலை பத்து மணிக்கு நான் அக்கா அறைக்குப் போனபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அறைக்குள் வெளியே இருந்த அதே அனல். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. மூச்சு வேகவேகமாக வந்தது. தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"எப்பலேருந்துக்கா?"

"நேத்து மத்தியானத்துலேருந்து. நீ வருவேன்னு பாத்தேன்."

நேற்று நான் வரவில்லை. தை மாதம் நுரை பூசியும் ஓட்டை கிடைக்காத அந்த நாளிலிருந்தே நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பெட்டியை அணைத்தேன். கைத்தாங்கலாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் உட்காரவைத்தேன். அதற்கு மேலே கீற்றுப் போட்டிருந்தார்கள், நிழல் இருந்தது. தண்ணீர் இறைத்து இறைத்து ஊற்றினேன். தொட்டித் தண்ணீர் சூடாவதற்குள் அடுத்த வாளி. திருச்சிக்குப் போன் செய்யப் போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அண்ணன் கேப்பாரு. ஒங்கள வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு."

"சொல்லட்டும்க்கா."

எதிர்வீட்டுப் பெண்ணைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் கரண்ட் ஆபீஸுக்கு நடந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். என் கணவர் முதலில் தயங்கினார். "வீட்டுக்காரர்தான் அந்த ஆளு வரக்கூடாதுன்னாரே. நமக்கெதுக்கு?" என்றார். என் முகத்தைப் பார்த்தபிறகு போனை எடுத்தார். மெக்கானிக் வேலை பார்க்கும் திருச்சி கடைக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். பிறகு அவரே சோடாக் கடைக்குப் போய் மரத்தூளில் பொதிந்த ஒரு பாளம் ஐஸைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு மணிக்குமேல் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். கண் பாதி திறந்திருந்தது. ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தேன். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். வாளியில் எவ்வளவு தண்ணி வரணும்க்கா, பனி எந்தப் பக்கம் உறையக்கூடாதுக்கா. பதில் வந்தால் போதும், எது கேட்டாலும் சரி என்றிருந்தது. கிணற்றுக் கயிறு என் உள்ளங்கை இரண்டையும் பிய்த்திருந்தது, அது ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு மணி இருக்கும்போது அக்கா உதட்டை அசைத்தார்.

"முக்கா வாளி" என்றார்.

நான் அழுதுவிட்டேன்.

மூன்றரைக்கு மெக்கானிக் வந்தார். என் கணவரும் அவருமாகப் பெட்டியைச் சுவரிலிருந்து முழுசாக வெளியே இழுத்து முற்றத்தில் வைத்தார்கள். குழாய்க்குள் இன்னும் கொஞ்சம் கேஸ் மிச்சமிருந்தது. ஸ்பிரிட் விளக்கு எல்லா இணைப்பிலும் நீலமாகவே எரிந்தது. கடைசியில் அடித்தகரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே, என் பிரஷ் எட்டாத இடத்தில், பச்சையானது. அங்கே செம்புக் குழாய் தகரத்தின் விளிம்பில் படுத்திருந்தது. மோட்டார் அதிர அதிர, குழாய் உரசி உரசித் தேய்ந்து ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

அவர் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணனும் மதினியும் வந்துவிட்டார்கள். சேதி பஸ் ஸ்டாண்டிலேயே கிடைத்திருக்கிறது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகத்தான் வந்தார். மெக்கானிக் எழுந்து நின்றார். வெட்டிய குழாய்த் துண்டை அண்ணனின் கையில் வைத்தார்.

"இந்த எடத்தில நட்டே கெடையாதுங்க. கையால தளத்த முடியாது. தகரத்துல ஒரசித் தேஞ்சிருக்கு. ரெண்டு வருசமாச்சும் ஆகியிருக்கும். கேஸ் அடிச்ச ஆளு ஒரு தடவ பெட்டிய இழுத்துப் பாத்திருந்தா இன்னைக்கு இந்தம்மாவுக்கு இந்தக் கதி வந்திருக்காது."

யாரும் அவரிடம் நட்டைப் பற்றிப் பேசியதில்லை. எப்படித் தெரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா கார்டில் எழுதியிருக்கலாம்.

அண்ணன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மதினி காப்பி போட உள்ளே போய்விட்டார். ஈரச் சேலையோடு தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்களை வீடு காலி பண்ணச் சொல்லவும் இல்லை.

மெக்கானிக் குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவே ரப்பர்த் துண்டு வைத்துக் கட்டினார். மற்ற குழாய்களையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, உரசக்கூடிய இடத்திலெல்லாம் ரப்பர் வைத்தார். போகும்போது அக்காவிடம் சொன்னார்: "இனிமே பயப்படாதீங்கம்மா. நான் வரவேண்டிய தேவையே இருக்காது."

"சரிங்க" என்றார் அக்கா.

அவர் சொன்னது உண்மைதான். நாங்கள் அங்கே இருந்தவரைக்கும் அந்தப் பெட்டி ஒருநாள்கூடக் கெடவில்லை. வாளி தினமும் முக்கால் நிறைந்தது. மெக்கானிக்கும் வரவில்லை. அக்காவுக்குக் கார்டு எழுதக் காரணம் எதுவும் இல்லாமல் போயிற்று.

நாலைந்து நாள் கழித்து, பொறுக்கமுடியாமல் நானே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சிரிச்சத மதினிகிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்பிடிக்கா?"

"மறுநா உள்ள வந்தே, ஒக்காரல. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிட்டே."

"ஏன்க்கா என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

அக்கா பெட்டியின் முன்னால் கையைத் தூக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"கேட்டா நீ வர மாட்டே. வேற யாரு வாரா?"

அதற்கப்புறம் நான் ஒருநாளும் தவறவிடவில்லை. காய்ச்சலாக இருந்தபோதுகூடப் போனேன். பிரியத்தால் போனேனா, குற்ற உணர்ச்சியால் போனேனா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். பழைய மாதிரிதான் பேசினார். தொடர்கதை படித்துக் காட்டச் சொல்வார். வக்கீல் கதையை ஒருநாள் நானே எடுத்தேன், முந்தானையை வாய்க்குக் கொண்டுபோய்ப் புன்னகைத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பங்குனியில் என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றியது மத்தியான நேரம். அக்கா வெளியே வரமுடியாது. நான் உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். லெட்டர் போடுவேன், லீவுக்கு வருவேன், பிள்ளை பிறந்தால் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவேன் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வண்டிக்காரர் குரல் கொடுத்தார்.

நான் எழுந்தபோது அக்கா கேட்டார்:

"நீங்க இருந்த வீட்டுக்கு அடுத்து யாரு வாராங்கன்னு தெரியுமா? பொம்பளைங்க இருக்காங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேன்க்கா" என்றேன்.

விசாரிக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.